மேல பிரெஞ்சு, கீழ தாழ்வாரம்

பாண்டில பழைய ஊருக்குள்ள புதுசா கட்டறவங்க டிசைன காட்டி ஒப்புதல் வாங்கணுமா வேணாமான்னு எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வாரமா அடிதடி. "என் வீடு, என் காசு, எவன் கேக்கறது"ன்னு ஒரு கோஷ்டி, "இப்படியே விட்டா ஊரே கண்ணாடிப் பொட்டி ஆயிடும்"னு இன்னொரு கோஷ்டி. நான் ரெண்டு பக்கமும் லைக் போட்டுட்டு கம்முனு இருந்தேன், ஏன்னா எங்க பெரியப்பா வீட்டு பிளானே இப்ப என் டேபிள் மேல கெடக்கு. இன்னிக்கு ஞாயித்துக்கெழம, எழுதிடறேன். நீளமா போகும், பொறுத்துக்கங்க.

பழைய ஊர பெரிய வாய்க்கால் ரெண்டா பிரிக்குது, கடல் பக்கம் பிரெஞ்சுக்காரங்க இருந்த ஒயிட் டவுன், மேற்க தமிழ் டவுன். வீடு தமிழ் டவுன்ல. எந்தத் தெருன்னு சொல்லல, பங்காளிங்க படிப்பாங்க. மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரத்து மேல செங்கல்லும் சுண்ணாம்பும் வெச்ச மொட்டை மாடி போட்ட வீடு, தேக்கு உத்தரத்துல கரையான் ஏறி பத்து வருஷமாச்சு, 2021 மழைல பின்கட்டு அப்படியே உக்காந்துடுச்சு, முன்கட்டு சொவத்துலயும் கை நுழையற அளவுக்கு வெடிப்பு. மொத்தமா எடுத்துட்டு புதுசாதான் கட்டணும்னு முடிவாகி, எஞ்சினியர் ஒருத்தர பிடிச்சோம். மனுஷன் நாலாவது நாளே போன்ல 3டி படம் கொண்டுவந்து காட்டினாரு. மஞ்ச சொவரு, வெள்ள மோல்டிங், ஜன்னலுக்கு மேல ஆர்ச், இரும்பு கம்பி பால்கனி. கீழ தளத்துல ரெண்டு ஷட்டர், மிச்சம் ஸ்டில்ட் பார்க்கிங், அதான் வீட்ட தூணு மேல நிறுத்தி கீழ வண்டி விடற எடம்.

"பக்கா பிரெஞ்சு ஸ்டைல் சார், ஹெரிடேஜ்னு கேள்வியே வராது, ஒப்புதல் குடுக்கறவங்க எலிவேஷன், அதான் முகப்பு, மட்டுந்தான் பாப்பாங்க"ன்னாரு.

அவங்க நெஜமாவே அத மட்டுந்தான் பாப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. ஆனா ஊர்ல கட்டறவங்க எல்லாரும் அப்படித்தான் நெனச்சிட்டிருக்காங்க, அதுதான் எனக்கு பிரச்சனை. ஒயிட் டவுன்ல மட்டும் இருந்த மஞ்சக் கலர் இப்ப வாய்க்கால தாண்டி, எம்.ஜி. ரோட்ட தாண்டி, லாட்ஜு, நகைக்கடை, ஐஸ்கிரீம் கடை வரைக்கும் வந்தாச்சு. தெர்மாகோல்ல அச்செடுத்து மேல சிமெண்ட் பூசின கார்னிஸ், ரெண்டு மழைக்கு அப்பறம் உரிஞ்சு உள்ள வெள்ளையா தெரியும், பாத்திருப்பீங்க. இதுக்குப் பேரு பாரம்பரியமாம்.

இப்ப ஒரு விஷயம் யோசிங்க. ஒயிட் டவுன்ல ரூ துமா, ரூ ரொமேன் ரோலன் தெருப் பக்கம் நடந்தா என்ன தெரியும்? நேரா தெருவ ஒட்டி ஒசரமான மதில், ஒரு பெரிய கேட்டு, மதிலுக்கு மேல காகிதப்பூ. வீடு உள்ள தோட்டத்த பாத்து திரும்பி உக்காந்திருக்கும், தெருவுக்கு முதுகு. நம்ம பக்கம் அப்படியே தலைகீழ். தெருவ ஒட்டி மரத்தூண் நட்டு நாட்டு ஓடு போட்ட தாழ்வாரம், அத தாண்டி திண்ணை, அப்பறம் நெலவாசல், ரேழி, முற்றம். வீடு தெருவ பாத்து வாயத் தொறந்து உக்காந்திருக்கும். ரெண்டும் அழகுதான், நான் சண்டைக்கு வரல. ஆனா தெருவுக்கு முதுகு காட்டற வீட்டோட மூஞ்சிய எடுத்து தெருவ பாத்து உக்காந்த வீடுங்களுக்கு நடுவுல ஒட்டினா அந்தத் தெரு என்ன ஆகும்? பேப்பர்ல அது பிரெஞ்சு, அதனால ஹெரிடேஜ், அதனால ஓகே. தெருவுல அது ஒரு செவுரு.

இதுல வேடிக்கை என்னன்னா நம்ம தாத்தா காலத்து ஆளுங்க இந்தக் கணக்க எப்பவோ போட்டு முடிச்சிட்டாங்க. தமிழ் டவுன்ல மாடி வீடுங்கள பாருங்க, கீழ சுத்தமா தமிழ் வீடு, தாழ்வாரம் திண்ணை எல்லாம் இருக்கும். மேல மாடில வளைவு ஜன்னல், சுண்ணாம்புல இழைச்ச பட்டைத் தூணு, கைப்பிடிச் சொவரு, எல்லாம் பிரெஞ்சுக்காரன பாத்து வெச்சது. பிரெஞ்சுக்காரங்ககிட்ட துபாஷா இருந்து டைரி எழுதின ஆனந்தரங்கப் பிள்ளை 1700-கள்ல கட்டின வீட்டுலயே இந்தக் கலப்பு இருக்கு. ஃபேஷன் வந்தா மாடில ஏத்திக்கிட்டாங்க, கீழ தாழ்வாரத்த விடல. யாரும் கமிட்டி போட்டு சொல்லல, அவங்களுக்கே தெரிஞ்சிருந்துச்சு எத மாத்தலாம் எத மாத்தக்கூடாதுன்னு. புது ஸ்டைலே வரக்கூடாதுன்னு சொல்றவங்க இந்த வீடுங்கள ஒரு தடவ நின்னு பாக்கணும்.

ஊரே அப்படி கலந்து கட்டின ஊருதான். இந்தக் கட்டம் கட்டமான தெரு அமைப்பு இருக்கே, அதுக்கு பிளான் போட்டதே டச்சுக்காரன், 1693-லேர்ந்து 1699 வரைக்கும் ஊரு அவன் கையில இருந்தப்போ. 1761-ல இங்கிலீஷ்காரன் வந்து ஊர தரைமட்டம் ஆக்கினான், நாலு வருஷம் கழிச்சு பிரெஞ்சுக்காரன் திரும்பி வந்து மறுபடி கட்டினப்போ அதே தெருக் கோட்டு மேலதான் கட்டினான். கட்டடம் போயிடுச்சு, தெரு நின்னுச்சு. டிசைன் பாக்கற வேலைல இருக்கறவங்க முதல்ல இதத்தான் கவனிக்கணும்னு எனக்கு தோணுது.

மழைக்காலத்துல எங்க தெருவுக்கு வாங்க, நான் சொல்ல வர்றது அஞ்சே நிமிஷத்துல புரிஞ்சிடும். நான் ஸ்கூல் போன காலத்துல ஐப்பசி மழை கொட்டும்போது எங்க வீட்டுல இருந்து முக்கு கடை வரைக்கும் குடையே இல்லாம போவேன். தாழ்வாரத்துக்குள்ளயே, ஒரு வீட்டுத் தூணு முடிஞ்சா அடுத்த வீட்டுத் தூணு, நடுநடுவுல ஓட்டு மொனையில இருந்து சொட்டற தண்ணிக்கு மட்டும் தலைய குனிஞ்சுக்கணும். தரை லேசா தெருப்பக்கம் சாய்ஞ்சிருக்கும், சாரல் அடிச்சாலும் தண்ணி நிக்காது. போன நவம்பர்ல அதே தூரத்த நடந்து பாத்தேன். மூணு வீடு நனையல. அப்பறம் ஒரு கண்ணாடி ஷோரூம், அதுக்கு நேரா நடு மழைல ஓடணும். திரும்ப ஒரு வீடு தாழ்வாரம், அங்க ஃபுட் டெலிவரி பசங்க நாலு பேரு பைக்க ரோட்டுல விட்டுட்டு ஒண்டி நின்னுட்டிருந்தாங்க. அடுத்தது ஸ்டில்ட் பார்க்கிங், கேட்டு பூட்டி, செக்யூரிட்டி "நிக்காதீங்க"ங்கறாரு. அதுக்கு அப்பறம் மஞ்ச பெயிண்ட் அடிச்ச ஹோம்ஸ்டே, பாக்க ஜோரா இருக்கு, வாசல்ல ஒரு ஜாண் அகலத்துக்கு கூட சன்ஷேடு கெடையாது. முக்குக்கு போறதுக்குள்ள தொப்பலா நனைஞ்சிட்டேன்.

இதுல அந்த ஹோம்ஸ்டேதான் எல்லா பேப்பரும் சரியா வாங்கினது, அதையும் சொல்லிடறேன்.

திண்ணையப் பத்தி ரொம்ப உருகவும் எனக்கு இஷ்டமில்ல. எல்லாரும் எல்லார் திண்ணையிலயும் உக்காந்துட முடியாது அந்தக் காலத்துல, யாரு உக்காரலாம் யாரு தெருவுல நின்னு பேசணும்னு ஜாதி பாத்து வெச்சிருந்தாங்க, அத மறைச்சிட்டு "அந்தக் காலத்துல வழிப்போக்கனுக்கு திண்ணை"ன்னு பாட்டு பாடறது எனக்கு ஒத்துக்காது. அதனாலதான் சொல்றேன், காப்பாத்தணும்னா பழச அப்படியே படம் புடிச்சு வெக்கறதுக்காக வேணாம், இன்னிக்கு மழைல ஒதுங்கறவனுக்கு அது வேணும்.

பாண்டில இத செஞ்சே காட்டியிருக்காங்க. வைசியாள் வீதி, அதான் கால்வே சுப்பராயச் செட்டி வீதி, ஐரோப்பிய யூனியன் காசுல 'ஆசியா அர்ப்ஸ்' திட்டத்துல 2002 வாக்குல ஆரம்பிச்சு பாரம்பரியக் கட்டடங்கள பாதுகாக்கற இன்டாக் அமைப்பு ஆளுங்க அந்தத் தெரு வீடுங்களோட முகப்ப வரிசையா சரி பண்ணினாங்க, போயிருந்த தாழ்வாரங்களையும் திரும்ப கொண்டுவந்தாங்க. 2008-ல யுனெஸ்கோவோட ஆசிய பசிபிக் விருது கெடைச்சுது. ஒரு வீட்ட மட்டும் சீவி சிங்காரிக்காம தெருவ மொத்தமா எடுத்தாங்க பாருங்க, அதனாலதான் அங்க போய் நின்னா அது வேற மாதிரி இருக்கு. ஆனா ஒரு தெரு காட்டிட்டு ஊரு முழுக்க விட்டாச்சு, பழைய தமிழ் வீடுங்க பாதிக்கு மேல போயிடுச்சு, இது நம்ம கண்ணு முன்னாடியே நடந்தது.

இன்னொரு பக்கம் மேரி, அதான் பிரெஞ்சுக்காரன் காலத்து நகராட்சிக் கட்டடம். பீச்சுல இருந்த அந்த 1870-கள் கட்டடம் 2014 நவம்பர் மழைல பொடிப்பொடியா சரிஞ்சுது, அப்பறம் முன்ன இருந்த மாதிரியே திரும்ப கட்டி 2021-ல தெறந்தாங்க. எனக்கு அதுல வருத்தமில்ல, பீச்சுல எல்லார் மனசுலயும் இருக்கற கட்டடம், அப்படியே வேணும்னு ஊரே கேட்டுச்சு. ஆனா அதப் பாத்து ஊர்ல இருக்கற ஒவ்வொரு கட்டடத்துக்கும் இதான் வழின்னு எஞ்சினியருங்க மனசுல பதிஞ்சு போச்சு. காணாம போனத நகல் எடுக்கறது வேற, எப்பவுமே இல்லாத ஒண்ண பழசு மாதிரி கட்டறது வேற. பழைய கட்டடத்துல புதுசா சேக்கற வேலை புதுசுன்னு தெரியற மாதிரி இருக்கணும்னு 1964-லயே கட்டடப் பாதுகாப்பு நிபுணருங்க வெனிஸ்ல கூடி எழுதி வெச்சுட்டாங்க, நாம இன்னும் தெர்மாகோல் ஆர்ச்சுலயே நிக்கறோம்.

சிங்கப்பூர் போயிட்டு வந்தவங்க லிட்டில் இந்தியா கடைத்தெருவுல நடந்திருப்பீங்க. கடைக்கு முன்னாடி தூணு வெச்சு மூடின நடைபாதை வரிசையா போகும், அஞ்சடின்னு சொல்லுவாங்க. அது 1822-ல ராஃபிள்ஸ், அதான் சிங்கப்பூர நிறுவின இங்கிலீஷ்காரன், ஊருக்கு பிளான் போட்டப்போ எழுதின விதி, ஒவ்வொரு வீடும் முன்னாடி தாழ்வாரம் விடணும், அது தெரு நெடுக தொடர்ச்சியா போகணும், பொதுஜனம் நடக்க தெறந்திருக்கணும்னு. ஆர்ச் வெய்யி, கலர் அடின்னு ஸ்டைல் பத்தி அதுல பேச்சே இல்ல பாருங்க, நடக்கறவன பத்திதான் பேச்சு. 1989-ல அந்த ஏரியாவ பாதுகாப்பு ஏரியான்னு அறிவிச்சாங்க. நடுவுல காலி மனைல புதுசா கட்டறவனுக்கும் ஒசரம் எவ்வளவு, முகப்புக் கோடு எங்க, நடைபாதை எப்படின்னு முன்கூட்டியே சொல்லிடறாங்க. அதுக்குள்ள ஒரு ஆர்க்கிடெக்ட் புத்தியோட எதாவது பண்ணிக்கலாம். நம்ம ஊருக்கு எனக்கு வேண்டியது இதேதான், கடுகளவு கூட ஜாஸ்தி வேணாம்.

"என் சொத்து" கோஷ்டிக்கு ஒரு வார்த்தை. இது நம்ம ஊரு ஆபிஸர் கண்டுபிடிச்ச தொல்லை ஒண்ணும் இல்ல, சொத்துரிமைக்கு உயிரையே குடுக்கற அமெரிக்காவுல சார்ல்ஸ்டன்னு ஒரு ஊருல 1931-லேயே போர்டு வெச்சு வெளித்தோற்றத்த பாக்க ஆரம்பிச்சாங்க. ஆனா உங்க கோவத்துல பாதி நியாயம்னு எனக்குத் தெரியும், ஏன்னா அந்த பாதிய நானே அனுபவிக்கறேன். பிளான் விஷயமா அலையறப்போ ஒரு இடத்துல முன்னாடி செட்பேக், அதான் தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவுல காலி எடம், விடுன்னாங்க, விட்டா தெருக் கோடு ஒடைஞ்சு பல்லு விழுந்த மாதிரி ஆயிடும். இன்னொரு இடத்துல "ரோட்டுப் பக்கம் கூரை எறக்கினா ஆக்கிரமிப்பு"ன்னாங்க. மூணாவது இடத்துல "எதுக்கு சார் தாழ்வாரம்லாம், மேல ரெண்டு ஆர்ச் வெச்சுட்டு போங்க"ன்னு அன்பா சொன்னாங்க. எல்லாம் வாயாலதான், ஒரு வரி எழுத்துல கெடையாது. கட்டறவனுக்கு பென்சில் எடுக்கறதுக்கு முன்னாடியே தமிழ்ல ரெண்டு பக்கத்துல எழுதிக் குடுங்கய்யா, இத்தன அடி ஒசரம், இங்க கோடு, இவ்வளவு ஆழம் தாழ்வாரம், கீழ தளத்துல தெருவ பாத்து கதவும் ஜன்னலும் இருக்கணும், பார்க்கிங் பின்னாடின்னு. பிளான் முழுசா போட்டு, ஸ்ட்ரக்சர் டிராயிங்குக்கு காசு கட்டி, பேங்க்ல லோனுக்கு எழுதிக் குடுத்த பிற்பாடு "எலிவேஷன் மாத்துங்க"ன்னா எவனுக்கு கோவம் வராது.

காசும் பேசணும். அஞ்சு பங்காளி இருக்கற வீட்டுல தாழ்வாரத்துக்கு விட்ட எடம் ஒரு கடை வாடகை. அந்த வாடகைய யாரு குடுப்பா? மும்பைல 1995-ல ஹெரிடேஜ் விதி கொண்டுவந்தப்போ, கட்ட முடியாம போன பரப்பளவ வேற எடத்துல பயன்படுத்திக்கற மாதிரி டி.டி.ஆர்.னு ஒரு வழி வெச்சாங்க. அதுல ஆயிரம் தில்லுமுல்லு நடந்திருக்கலாம், ஆனா நீ விட்டுக்குடுத்தா ஊரும் ஏதோ குடுக்கும்னு ஒரு பேச்சாவது இருக்கு. இங்க பெருமை மட்டும் ஊருக்கு, செலவு மொத்தமும் எங்களுக்கு.

நானும் யோக்கியன் இல்ல. 2009-ல பைக் ஏத்தறதுக்காக எங்க திண்ணைல பாதிய வெட்டி ரேம்ப் போட்டது நான்தான். வெட்டினப்போ உள்ள சுண்ணாம்புச் சாந்துல கட்டின செங்கல்லு, ஒவ்வொண்ணும் பொட்டுக்கடலை பர்ஃபி சைஸ்ல சின்னதா, கொத்தனாரு உளி மூணு தடவ மழுங்குச்சு. பெரியம்மா வாசப்படில நின்னுக்கிட்டு "டேய், அப்ப நான் எங்கடா உக்காருவேன்"ன்னாங்க. பிளாஸ்டிக் சேர் வாங்கித் தர்றேன்னேன். வாங்கியும் குடுத்தேன். அந்த சேரப் போட்டு அவங்க ஒரு நாள் கூட வெளிய உக்காந்ததில்ல, உள்ள டிவி முன்னாடி போட்டுக்கிட்டாங்க.

புது பிளானுக்கு எஞ்சினியர்கிட்ட மூணு விஷயம் சொல்லிட்டேன். ஆர்ச் வேணாம், மஞ்சக் கலர் வேணாம், மேல மாடி எப்படி வேணா இருக்கட்டும், ஜன்னல் சாதா கட்டமா இருந்தாலும் பரவால்ல. கீழ ஆறடி ஆழத்துல தாழ்வாரம் நம்ம மனைக்குள்ளயே, ஆக்கிரமிப்புன்னு எவனும் வாயத் தொறக்க முடியாது, ரெண்டு பக்கத்து வீட்டு ஓட்டு லெவலுக்கு கூரை, ஒரு திண்ணை. கடை ஒண்ணு கம்மியாகும், பங்காளிங்க கிட்ட இன்னும் சொல்லல.

வெள்ளிக்கெழம புது படம் அனுப்பினாரு. எல்லாம் சொன்ன மாதிரியே இருக்கு, திண்ணை கூட இருக்கு, கிரானைட் போட்டு. ஆனா திண்ணைய சுத்தி இடுப்பு ஒசரத்துக்கு ஸ்டீல் ரெயிலிங். போன் போட்டு இது எதுக்குன்னு கேட்டேன்.

"ரெயிலிங் இல்லன்னா போற வர்றவன்லாம் வந்து உக்காந்துடுவான் சார்."

உக்காரட்டும்ங்க, எடுத்துடுங்கன்னேன். சரி சார்னாரு. இன்னும் மாத்தி அனுப்பல.