நடுவர் வீட்டு வாசலில் உங்களுக்கு என்ன வேலை?

2015இல் நியூயார்க் நகரப் போலீஸ் சங்கத்தின் சம்பளத் தகராறில் நடுவர் கொடுத்த வருடத்துக்கு ஒரு சதவீத உயர்வு அநியாயக் குறைவு, நானே சொல்கிறேன். பக்கத்திலிருக்கும் நாசோ கவுண்டி போலீஸ் வாங்கும் சம்பளத்தைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும்தான். மேயரைத் திட்டுங்கள், சிட்டி ஹால் முன்னால் உட்காருங்கள், நானும் கைதட்டுகிறேன். ஆனால் தீர்ப்பு எழுதிய நடுவர் எடெல்மன் வீட்டு வாசலில் போலீஸ்காரர்கள் கூட்டமாகப் போய் நின்று கத்துவது என்ன பழக்கம்?

"வேலைநிறுத்த உரிமையே இல்லை, வேறென்ன செய்வார்கள்" என்று ஆளாளுக்குப் பாடம் எடுக்கிறீர்கள். தெரியும் சாமி. நியூயார்க் மாநிலத்தில் அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் 1967 டெய்லர் சட்டம், ஒரு நாள் நிறுத்தினால் இரண்டு நாள் சம்பளம் போகும். அந்தக் கதவு மூடியிருப்பதால்தானே நடுவர் என்ற வழியே இருக்கிறது? மூன்று பேர் குழுவில் ஒருவர் சங்கத்தின் ஆள். ஜெயித்தால் நீதி, தோற்றால் சதியா?

நகரத்தின் மற்ற சீருடைப் பணியாளர் சங்கங்கள் பல 7 வருடத்துக்கு 11 சதவீதம் என்று 2014 டிசம்பரிலேயே ஒத்துக்கொண்டதால் இந்தத் தீர்ப்பு முன்பே முடிவானது என்கிறார் ஒரு நண்பர். இருக்கலாம். அதற்காக வீட்டுக்குப் போவீர்களா?

அப்பா கோவையில் மில் தொழிலாளி. போனஸ் வழக்கு லேபர் கோர்ட்டில் தோற்ற அன்று சங்கச் சந்தா ரசீதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அம்மா முன்னால் போட்டு, "இதுவும் தண்டம்" என்றார். நீதிபதியைக் காது கூசும்படி திட்டினார், வீட்டுக்குள். மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போனார். அவரிடம் துப்பாக்கியும் இல்லை, பேட்ஜும் இல்லை.

"டியூட்டி இல்லாத நேரம்தானே?" சரி. அந்த மனிதர் வீட்டில் நாளை திருடன் புகுந்து 911க்குக் கூப்பிட்டால் யார் வருவார்கள் என்று யோசித்தீர்களா?

அப்புறம் இதே போலீஸ் சங்கத்துக்கு வந்த அந்த 2005 நடுவர் தீர்ப்பு. இருப்பவர்களுக்குச் சம்பள உயர்வு கொடுக்க, இனி வரப்போகிறவர்களின் ஆரம்பச் சம்பளத்தை 25,100 டாலருக்கு இறக்கினார்களே, அந்தப் புதுப் பையன்களும் போலீஸ்தானே? இப்போது என்னைப் போலீஸ் எதிரி என்கிறவர்கள் அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களா? நம் வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் ஒரு நீதிபதி வீட்டு முன்னால் இப்படி நின்றிருந்தால் கையில் விலங்கு மாட்ட எத்தனை நிமிடம் ஆகியிருக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்பாக்ஸில் வந்து "பொறாமை" என்று சொன்னவரை நட்பு நீக்கிவிட்டேன். மற்றவர்கள் இங்கேயே கேளுங்கள், வேலை முடிந்து வந்து பதில் சொல்கிறேன்.