ஜேசிபி வருவதற்கு முன்னால்

வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் என்று ஒரு பேட்டை. (நம்ம ஜார்ஜ் டவுன் இல்லை, ஆனாலும் பேச்சு மெட்ராஸுக்குத்தான் வந்து சேரும்.) மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கே ஓ தெரு, பி தெருப் பக்கம் நடந்தேன். கருங்கல் பாவிய தெருவில் பழைய டிராம் தண்டவாளம் அப்படியே கிடக்கிறது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே நெடுக ஓர் இடுக்கு, விரல் நுழையுமா நுழையாதா என்கிற அளவுக்கு. குனிந்து பார்த்தேன். உள்ளே மண்ணும் காய்ந்த இலையும். "என்ன மாமா, காசு ஏதும் விழுந்துடுச்சா?" என்றார் மருமகன்.

அந்த இடுக்குதான் விஷயமே. ஊருக்குள் தலைக்கு மேல் மின்கம்பி போகக்கூடாது என்று அங்கே சட்டம் போட்டிருந்தார்கள். அதனால் தெருவுக்கு அடியில் கால்வாய் மாதிரி கட்டி, அதற்குள் மின்சாரம் பாயும் இரும்புப் பட்டைகளை வைத்தார்கள். டிராமின் வயிற்றிலிருந்து ஒரு கை இடுக்கு வழியாக இறங்கி அதைத் தொட்டுக்கொண்டே போகும். 1962 ஜனவரியோடு அந்த ஊரில் டிராம் நின்றுபோனது. ஐம்பது வருடம் கழித்துத் தெருவைச் சீர்செய்தபோது, கல்லையும் தண்டவாளத்தையும் பெயர்த்து வைத்து, வேலை முடிந்ததும் பழையபடி பதித்துவிட்டார்கள்.

1895இல் மெட்ராஸில் ஓட ஆரம்பித்த மின்சார டிராமும் முதலில் இதே முறைதான், தெரியுமா? ஆனால் நம் ஊர் ஐப்பசி மழை விடுமா, கால்வாய் தாங்கவில்லை, கடைசியில் மேலே கம்பி கட்டித்தான் ஓட்டினார்கள். 1953இல் அதுவும் நின்றது.

தொல்லியல் என்றாலே நமக்குக் கீழடிப் பானை ஓடுதான் ஞாபகம் வரும். தாருக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்துக்கும் அதே மரியாதை வேண்டும் என்பது என் கட்சி. எல்லாவற்றையும் காப்பாற்றச் சொல்லவில்லை. டிராம் ஓடிய தெருவை வடிகாலுக்கோ வேறெதற்கோ தோண்டும் முன், குறுக்கே ஒரு சின்னக் குழி வெட்டிப் பார்த்தால் போதும்: எத்தனை அடுக்குத் தார், அடியில் கட்டையா கான்கிரீட்டா, தண்டவாளம் எந்த வடிவம், கால்வாய் ஏதும் மிச்சம் இருக்கிறதா. அளந்து, வரைந்து, படம் எடுக்க வேண்டும். பத்தடிக்கு ஒரு இடத்தில் குடிநீர்க் குழாய்க்காரர் அறுத்துப் போட்டிருந்தால், சரி, பதிவு செய்துவிட்டு எடுத்துவிடலாம், அழ மாட்டேன். முழுசாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். மும்பையில் ஃப்ளோரா நீரூற்றைச் சீரமைத்தபோது, 2017இல், தரைக்கு அடியிலிருந்து தண்டவாளம் தலைகாட்டியது. அங்கே டிராம் நின்று அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

பொறியாளர் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார். "இதுக்கெல்லாம் வேலையை நிறுத்தினா மழைக்குள்ள வடிகால் முடியாது சார்." அவர் சொல்வதும் நியாயம்தான். ஜேசிபி பல்லில் இரும்பு மாட்டிய பிறகு தொல்லியல் ஆளைக் கூப்பிட்டால் எல்லாருக்கும் தலைவலி, ராத்திரியோடு ராத்திரியாக அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். அதனால்தான் டெண்டர் போடும் முன்பே, மதிப்பீட்டிலேயே, இந்தக் குழிக்கான செலவையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள் என்கிறேன். மவுண்ட் ரோட்டில் டிராம் ஓடியது ரகசியமா என்ன?