சாவிக்கொத்தை முதலில் கீழே வைங்க டீச்சர்

தலைமைப் பண்புப் பயிற்சி என்று ஒன்று நடத்துவார்கள். போனால் கரும்பலகையில் ஒரு கட்டம் போட்டு நான்கு அறையாகப் பிரிப்பார்கள். எது அவசரம், எது முக்கியம், எது இரண்டும் இல்லை என்று உங்கள் வேலைகளைப் பிரித்துப் போடுங்கள் என்பார்கள். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் கையில் அந்தக் கட்டத்தைக் கொடுத்தால் மூன்று அறை காலியாகத்தான் கிடக்கும். எங்களுக்கு வருகிற கடிதங்களின் தலையிலேயே ‘மிக அவசரம்’, ‘தனிக்கவனம்’ என்று போட்டு வருகிறதே, எதை எந்த அறையில் தள்ளுவது?

அடுத்த அறிவுரை, அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்திருங்கள். இதைச் சொல்பவர் பெரும்பாலும் ஆணாக இருப்பார். ஐந்து மணிக்கு எங்கள் தெருவில் எந்த டீச்சர் வீட்டு அடுப்படியில் விளக்கு எரியவில்லை என்று அவர் ஒருநாள் வந்து பார்க்கலாம்.

நான் சொல்ல வந்தது வேறு. தலைமை ஆசிரியர்கள் திணறுவதற்கு நேரம் போதாதது பாதிக் காரணம்கூட இல்லை. எல்லாமே ஒரே ஆளின் கை வழியாகத்தான் போக வேண்டும் என்று ஆகிவிட்டதுதான் காரணம். அந்தக் கையைக் கொஞ்சம் விலக்கிக்கொள்ளாமல் யோகா செய்தாலும் சரி, டைரி எழுதினாலும் சரி, ஒன்றும் மாறாது.

வெளியில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் எழுத்தர் கிடையாது. இளநிலை உதவியாளர் எல்லாம் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குத்தான். ஆக, பாடம் நடத்துகிற அதே ஆள்தான் மாணவர், ஆசிரியர் விவரங்களுக்காகப் பள்ளிக் கல்வித் துறை வைத்திருக்கிற எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்ற வேண்டும், மத்திய அரசின் பள்ளிப் புள்ளிவிவரத்துக்கான யூடைஸ் படிவம் நிரப்ப வேண்டும், புத்தகம், சீருடை, காலணி இருப்புக் கணக்கு வைக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டித் தீர்மானம் எழுத வேண்டும். சத்துணவு முன்பே உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறு ஆண்டே மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் வெறும் வயிற்றோடு வந்து பிரேயரில் மயங்கி விழுகிற பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் சமைக்கிற அக்கா ஒருநாள் வரவில்லை என்றால் விடிகாலையில் போன் அடிப்பது யாருக்கு?

இதில் ஓடிபி என்று ஒன்று. பள்ளியின் இணையக் கணக்கு எதைத் திறந்தாலும் அந்த எண் தலைமை ஆசிரியர் போனுக்குத்தான் வரும். ஒருமுறை துக்க வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் ஒப்பாரி. சேலை மடிப்புக்குள் போன் அதிர்கிறது. “டீச்சர், நம்பர் வந்துச்சா? சீக்கிரம் சொல்லுங்க, டைம் அவுட் ஆயிரும்.” ஆறு இலக்கத்தைக் காதோடு காதாகச் சொல்லிவிட்டு நிமிர்ந்தால், எதிரில் உட்கார்ந்திருந்த பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பர்ன் அவுட் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டில் அதற்கு விளக்கம் எழுதியபோது, அதை நோய் என்று சொல்லவில்லை. பணியிடத்தில் நாள்பட்டுத் தேங்கி, சரியாகக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவு என்றது. மூன்று அடையாளங்களும் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி எரிச்சலும் ஏளனமும் வருவது, செய்கிற வேலையில் திறன் குறைவது. முதலாவது எல்லோர் கண்ணிலும் படும். பள்ளிக்கூடத்தில் ஆபத்து இரண்டாவதுதான். ஒரு பையன் வந்து “டீச்சர், மூக்குல ரத்தம் வருது” என்று நிற்கிறான். லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலேயே “போய்க் கழுவிட்டு வா” என்று பதில் வருகிறது. அந்த டீச்சர் கல்நெஞ்சக்காரர் இல்லை. மதியம் இரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டிய படிவம் அவர் முன்னால் கிடக்கிறது, அவ்வளவுதான்.

எனக்குப் பலன் தந்த பழக்கங்களைச் சொல்கிறேன். எந்தப் பயிற்சியிலும் இவற்றைச் சொல்லிக் கேட்டதில்லை.

முதல் பாடவேளை என்னுடையது. ஆறாம் வகுப்புக் கணக்கு. அந்த நேரத்தில் போன் பீரோவுக்குள் போய்விடும். யார் வந்தாலும், எந்த வாட்ஸ்அப் குழுவில் எது வந்தாலும் மணி அடித்த பிறகுதான். வேலை தலைக்கு மேல் இருக்கிறபோது வகுப்பை விட்டுவிட்டு அலுவலக வேலையைப் பார்க்கத் தோன்றும். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் அடித்துச் சொல்வேன், அது நேர்மாறான வைத்தியம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதுகிற பிள்ளையிடம் ஒரு காகிதத்தை மடித்துக் காட்டி, அவன் முகத்தில் ‘அட’ என்று ஒரு வெளிச்சம் வந்துவிட்டால், அதற்கப்புறம் வருகிற பத்துப் படிவத்தையும் எரிச்சலில்லாமல் நிரப்பலாம். எதற்காக இந்த வேலைக்கு வந்தோம் என்பது காலையிலேயே கையில் கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது, பொறுப்பைக் கொடுத்தால் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுப்பது. எல்லாப் பள்ளியிலும் ஜூன் மாதம் பொறுப்புப் பங்கீடு என்று பதிவேட்டில் எழுதுகிறோம். நலத்திட்டப் பொருள் ஒருவருக்கு, நூலகம் ஒருவருக்கு, சுகாதாரம் ஒருவருக்கு. எழுதிவிட்டு என்ன செய்கிறோம்? காலணி வந்து இறங்கியதும் “டீச்சர், நாலாம் நம்பர் ரெண்டு ஜோடி குறையுது, என்ன செய்யட்டும்?” “டீச்சர், தேன்மொழிக்கு பெரிசா இருக்கு, மாத்திக் குடுக்கவா?” வேலை அவருடையது, முடிவு என்னுடையது என்றால் அது பங்கீடு இல்லை, என் வேலைக்கு இன்னொரு வரிசை. இப்போது எங்கள் பள்ளியில் காலணிக்குப் பொறுப்பான டீச்சரே வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் பேசுகிறார், மாற்றி வாங்குகிறார், பதிவேட்டில் எழுதுகிறார். மாதக் கடைசியில் நான் இருப்பைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். தொடக்கத்தில் அலுவலகத்திலிருந்து “எச்.எம். பேசச் சொல்லுங்க” என்றார்கள். “அவங்க சொல்றதுதான் சார் எங்க ஸ்கூல் பதில்” என்று நான் சொன்ன பிறகு அந்தப் பேச்சு நின்றது.

சாவிக்கொத்தும் அப்படித்தான். பீரோ, ஸ்மார்ட் வகுப்பு, ஸ்டோர் என்று எல்லாச் சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிவதைச் சிலர் பெருமையாக நினைக்கிறார்கள். பணமும் பதிவேடும் இருக்கிற பீரோவைத் தவிர மற்ற சாவிகள் ஏன் உங்களிடம் இருக்க வேண்டும்?

மாலையில் ஒன்றியக் குழு, பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்த குறுவள மையக் குழு, ஆசிரியர் சங்கக் குழு எல்லாவற்றையும் சத்தம் இல்லாமல் ஆக்கிவிடுவேன். இதைத் திருட்டுத்தனமாகச் செய்யக் கூடாது. அலுவலரை நேரில் பார்த்து, “இரவு குழுவைப் பார்க்க மாட்டேன் சார், அவசரம்னா போன் பண்ணுங்க, கட்டாயம் எடுப்பேன்” என்று சொல்லிவிட்டேன். குழுவில் ‘மிக அவசரம்’ என்று வருகிற செய்தி ஏராளம். அதற்காகப் போனை எடுத்து எண்ணை அழுத்துகிற அளவுக்கு அவசரம் அனேகமாக எதற்கும் இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் மட்டும் விதிவிலக்கு. ஆட்சியர் விடுமுறை அறிவித்தாரா என்று விடிகாலையில் போனைப் பார்த்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் நனைந்துகொண்டு வந்து நிற்கும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல், வேலை நேரம் முடிந்த பிறகு அலுவலக அழைப்புக்குப் பதில் சொல்லாமல் இருப்பது சட்டப்படி உரிமையாகிவிட்டது. இங்கே மக்களவையில் எம்.பி. சுப்ரியா சுலே இதையே தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தும் சட்டமாகவில்லை. அதுவரை நாமே வாய் திறந்து சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

“இத்தனை வருஷ சர்வீஸ்ல சி.எல். (தற்செயல் விடுப்பு) போட்டதே இல்லை” என்று பணி நிறைவு விழாக்களில் பாராட்டுகிறார்கள். எனக்கு அந்தப் பள்ளியின் அடுத்த மூத்த ஆசிரியரை நினைத்துத்தான் பாவமாக இருக்கும். ஒருநாள்கூடப் பொறுப்பு வகித்துப் பழகாமலே அவர் தலையில் திடீரென்று பள்ளி இறங்கும். ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் தற்செயல் விடுப்பு இருக்கிறது, டிசம்பரோடு காலாவதியாகிவிடும். காய்ச்சல், கல்யாணம், காதுகுத்துக்கு மட்டும் என்று வைக்காமல், சும்மா இருக்கவும் ஒன்றிரண்டு நாள் எடுங்கள். பள்ளி நடக்கும். நடக்கவில்லை என்றால் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும், அதுவும் லாபம்தான்.

வீட்டிலும் இதே கதைதான். குக்கர் வெயிட் எங்கே, மின் கட்டணம் கட்டியாச்சா, அத்தைக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்துபோச்சா என்று எல்லாக் கேள்வியும் என்னிடமே வந்துகொண்டிருந்தது. மாத்திரையும் மருத்துவமனைத் தேதியும் இனி உங்கள் பொறுப்பு என்று வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். நினைவூட்ட மாட்டேன் என்றும் சொன்னேன். அதுதான் கஷ்டம். நினைவூட்டிக்கொண்டே இருந்தால் வேலை நம் தலையைவிட்டு இறங்கவே இல்லை என்று அர்த்தம். இப்போது அத்தையே அவரைத்தான் கேட்கிறார்.

இவ்வளவும் எங்கள் பள்ளியில் பங்கு போட ஆசிரியர்கள் இருப்பதால் நடக்கிறது. ஈராசிரியர் பள்ளிக்கு இது எதுவும் பொருந்தாது. கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். ஐந்து வகுப்பையும் அந்த இருவரே பார்க்க வேண்டும். அதில் ஒருவர் தலைமை ஆசிரியர். அவர் கூட்டத்துக்குப் போனால் பள்ளியில் மீதி ஒரே ஒருவர். அவரிடம் போய்ப் பொறுப்பைப் பகிருங்கள், போனை அணையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அங்கே பழக்கத்தை மாற்ற வேண்டியது துறை.

அதே 2009 சட்டத்தின் 27ஆவது பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்வி சாராத பணிக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது. படிவம் நிரப்புவது கல்விப் பணிதானே என்று பதில் வரும். இருக்கட்டும். எமிஸில் ஏற்கெனவே பெயர் பெயராக ஏற்றி வைத்திருக்கிற மாணவர் எண்ணிக்கையை எக்செல்லில் ஒருமுறை, கூகுள் ஷீட்டில் ஒருமுறை, கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தாளில் ஒருமுறை என்று கேட்பதை நிறுத்தலாம் அல்லவா? இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம், அரசாணை வேண்டாம். கேட்பதற்கு முன் அந்த அலுவலகத்திலேயே ஒருவர் எமிஸைத் திறந்து பார்த்தால் போதும். அடுத்த தலைமை ஆசிரியர் கூட்டத்தில் இதைத்தான் எழுந்து கேட்கப் போகிறேன். ஈராசிரியர் பள்ளிக்காரர்கள் கூடவே எழுந்து நின்றால் நன்றாக இருக்கும்.