எச்சில் பரிசோதனையில் பார்க்கின்சன்: தவறு நடப்பது எந்த இடத்தில்?

"ஒரு துளி எச்சில் போதும், பார்க்கின்சன் வருமுன்பே தெரிந்துவிடும்" என்று செய்தி வந்தால், துல்லியம் எத்தனை சதவீதம் என்பதை அப்புறம் பாருங்கள். எச்சிலை எப்படி எடுத்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

யோசனையில் குறையில்லை. இந்த நோயில் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் தவறாக மடிந்து நரம்புச் செல்களில் திரள்கிறது. அந்தத் திரட்டு தாடைக்குக் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியிலும் காணப்படுகிறது. கை நடுங்கத் தொடங்குமுன்பே மூளையில் டோபமைன் செல்கள் பெருமளவு அழிந்துவிடுவதால், முன்கூட்டியே அறியும் ஆசை நியாயமானதுதான்.

சிக்கல் எச்சிலில் கலக்கும் ரத்தத்தில். ரத்தத்திலுள்ள ஆல்ஃபா சைனூக்ளினில் மிகப் பெரும்பங்கு சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. ஈறு லேசாகக் கசிந்தாலே, கண்ணுக்கு எச்சில் தெளிவாகத் தெரிந்தாலும், அதில் இந்தப் புரதத்தின் அளவு எகிறிவிடும். அதனால்தான் மாதிரி கொடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு, பல் துலக்கல் இரண்டும் கூடாது. காறித் துப்பாமல், தலையைக் குனிந்து தானாக வழிய விட வேண்டும். குழாய் பனிக்கட்டியில் இருக்க வேண்டும். உடனே சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேல்தெளிவை மட்டும் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். உருக்கி மறுபடி உறைய வைத்தால் புரதம் கெடும். சாதாரணப் பிளாஸ்டிக் சுவரிலேயே இந்தப் புரதம் ஒட்டிக்கொள்ளும் என்பதால் புரதம் ஒட்டாத குழாய் தேவை. கூடவே ஹீமோகுளோபினையும் அளந்து, ரத்தம் கலந்த மாதிரியை ஒதுக்க வேண்டும். இதைச் செய்யாத ஆய்வின் எண்ணை நான் பொருட்படுத்த மாட்டேன்.

நோயாளிக்கு எச்சில் ஒழுகுவதைப் பார்த்து அதிகம் சுரக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் விழுங்குவது குறைகிறது. சுரப்பு பெரும்பாலும் குறைந்தே இருக்கும். வாயை உலர்த்தும் மாத்திரைகள் வேறு. எச்சில் கெட்டியானால் அதிலுள்ள புரதத்தின் செறிவும் மாறும்.

ஆல்ஃபா சைனூக்ளினின் மொத்த அளவைப் பார்க்கும் பழைய வழியில் ஆய்வுக்கு ஆய்வு முடிவு முரண்படுகிறது. அதைவிட விதைப் பெருக்கச் சோதனை மேலானது: மாதிரியில் தவறாக மடிந்த துணுக்கு இருந்தால், சேர்க்கப்பட்ட நல்ல புரதத்தையும் அது தன்னைப்போல் மடக்கும், தயோஃப்ளேவின் சாயம் ஒளிரும். ஆனால் இந்தச் சோதனை பற்றி 2023-இல் வெளியான பெரிய ஆய்வு முதுகுத் தண்டுவட நீரில் நடந்தது, எச்சிலில் அல்ல. அதிலும் பார்க்கின்சன் உள்ளவர்களில் சுமார் 88 சதவீதம் பேருக்குத்தான் பாசிட்டிவ்; எல்ஆர்ஆர்கே2 மரபணு மாற்றம் உள்ள நோயாளிகளில் அது 67.5 சதவீதம். லூயி உடல் மறதி நோயிலும் இதே புரதம் திரள்வதால் பாசிட்டிவ் வந்தாலே பார்க்கின்சன் என்றாகாது.

அறிகுறி இல்லாதவர் இதைக் காசு கொடுத்துச் செய்துகொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. பாசிட்டிவ் வந்தால் நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்னும் கிடையாது. மோப்பம் குறைந்து, மலச்சிக்கல் நீடித்து, தூக்கத்தில் கனவுக்கேற்பக் கை கால்களை வீசுபவர் நேரே நரம்பியல் மருத்துவரிடம் போகலாம். எச்சில் சோதனை நெகட்டிவ் என்று தள்ளிப்போட வேண்டாம்.