"அது எங்க டிபார்ட்மென்ட் இல்லம்மா"

ஆற்றோரத்தில் இருப்பவர்களை நகருக்கு வெளியே புது வீடுகளுக்கு மாற்றுவது பற்றி சனிக்கிழமை நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்து வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் அந்த ஹாலில் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வீடியோவில் வராத ஒன்றைச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்ட இட்லிக் கடை அக்கா, கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டு போன பிறகும் உட்காரவில்லை. பதில் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று நினைத்து, புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்தவர்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அவர் கேட்டது ஒரே கேள்வி. "காலையில நாலரைக்கு அங்கேர்ந்து பஸ் இருக்குமா சார்? அஞ்சரைக்கு நான் இட்லிக் கடை அடுப்பைப் பத்த வைக்கணும்." வந்த பதில், "அது எங்க டிபார்ட்மென்ட் இல்லம்மா."

அதற்கு முன் முக்கால் மணி நேரம் திரையில் படம் காட்டினார்கள். பக்கத்துக்குப் பக்கம் 'ஒருங்கிணைந்த நகர வளர்ச்சி' என்று தலைப்பு. பஸ்ஸைப் பற்றி ஒரு பக்கம் இல்லை.

அந்த அதிகாரியைத் திட்ட நான் இதை எழுதவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. பஸ் அவர் துறை இல்லைதான். வீடு ஒரு துறை, பஸ் ஒரு துறை, பள்ளிக்கூடம் ஒரு துறை, மழைநீர் வடிகால் ஒரு துறை. ஆனால் அந்த அக்காவுக்கு இதெல்லாம் சேர்ந்து ஒரே காலைப்பொழுது. பஸ் இல்லாவிட்டால் அடுப்பு இல்லை, அடுப்பு இல்லாவிட்டால் புது வீட்டுக்கு கரண்ட் பில் கட்டப் பணம் இல்லை. இதை ஒரே தாளில் போட்டுப் பார்ப்பதற்குத்தான் ஒருங்கிணைந்த திட்டம் என்று பெயர். முதலில் பஸ், அப்புறம் வீடு. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட சின்னப் பதிவுக்குக் கீழே, எனக்குப் பல வருடம் பழக்கமான நண்பர் எழுதியிருந்தார்: "ஓசியில் வீடு கிடைக்குது, வாசலுக்கு பஸ்ஸும் வேணுமா?" அதற்கு முப்பது பேர் லைக் போட்டிருந்தார்கள். அதில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். நான் வளர்ந்தது வில்லிவாக்கத்தில், அரசு பிரித்துக் கொடுத்த சின்ன மனையில். 1977-இல் உலக வங்கிக் கடனோடு சென்னை நகர வளர்ச்சித் திட்டம் ஒன்று தொடங்கியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மூன்று இடத்திலும் மனை பிரித்து, தண்ணீர், சாக்கடை, ரோடு போட்டுக் கொடுத்தார்கள். பெரிய மனைகளை நல்ல விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் சின்ன மனைகளின் விலையைக் குறைத்தார்கள். குடிசைப் பகுதிகள் பலவற்றில் ஆட்களைக் கிளப்பாமல் அங்கேயே குழாயும் கழிப்பறையும் விளக்கும் போட்டார்கள். அதே திட்டத்தில்தான் அன்றைய சென்னை அரசு பஸ் கழகமான பல்லவனுக்கு பஸ் வாங்கவும் பணம் ஒதுக்கினார்கள். சிறு தொழிலுக்கும் ஒதுக்கினார்கள். மனையும் பஸ்ஸும் வேலையும் ஒரே திட்டத்தில். 1977-இல்!

அப்பா பக்கத்திலேயே ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். சைக்கிளில் கால் மணி நேரம். முதலில் ஓர் அறையும் ஓலைக் கூரையும். நான் மூன்றாவது படிக்கும்போது சுவர் உயர்ந்தது, பத்தாவது படிக்கும்போது தளம் போட்டோம். தளம் போட்ட அன்று அம்மா தெரு முழுக்கப் பாயசம் கொடுத்தாள். அந்த மனை நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்திருந்தால் அப்பா வேலையை விட்டிருப்பார், நான் பத்தாவது படித்திருக்க மாட்டேன். எனக்குக் கிடைத்தது அந்த அக்காவுக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்கிறேன். இது பேராசையா?

அப்புறம் என்ன ஆனது? குடிசைப் பகுதி மக்களை நகரின் தெற்கு ஓரத்துக்குக் கொண்டுபோனார்கள்: 2000 வாக்கில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், எட்டு அடுக்கு. ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பஸ்ஸும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் பின்னால் வரும் என்றார்கள். வந்தன, வருடக் கணக்கில் தாமதமாக. அதற்குள் எத்தனை பேர் வேலையை இழந்தார்கள், எத்தனை பிள்ளைகள் படிப்பை விட்டார்கள் என்று அங்கே யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

"அப்போ ஆற்றோரத்திலேயே இருக்கட்டுமா, வெள்ளத்தில் சாகட்டுமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2015 டிசம்பரில் அடையாறு ஏறியதை நானும் பார்த்தேன். சில இடங்களில் கரையை விட்டு நகர்ந்துதான் ஆக வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நகர்த்தும் இடம் எது? பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டியவை. அதே 2015-இல் அங்கேயும் தண்ணீர் நின்றது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, தண்ணீர் தங்குவதற்கென்றே இருக்கும் பூமியின் ஓரத்தில் குடிவைத்தோம். அந்தச் சதுப்பு நிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, நாமும் கைதட்டினோம். பெருங்குடிக் குப்பை மேடு அதற்குள்தான் இருக்கிறது. பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாய்க்குள் நிற்கின்றன. தண்ணீர் போகும் வழியை அடைத்தது இட்லிக் கடை அக்கா மட்டும்தானா?

நகருக்குள் இடம் இல்லை என்கிறார்கள். பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் உயரமாகக் கட்டுகிறோமே, அது எப்படி முடிகிறது?

"இதையெல்லாம் பார்த்தால் ஒரு திட்டமும் முடியாது" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வட சென்னையில் கொசஸ்தலையாறு மழைநீர் வடிகால் பணியை ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் எடுத்தார்கள். இப்படிப்பட்ட கடன்களில் நிபந்தனை உண்டு. பட்டா இல்லாதவருக்கும் பிழைப்பு போனால் ஈடு செய்ய வேண்டும், புகார் சொல்ல ஓர் இடம் வேண்டும், மரத்துக்கும் நீருக்கும் என்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுதிக் காட்ட வேண்டும். வெளியார் கடன் கொடுத்துக் கேட்டால் தலையாட்டுகிறோம். நம் வரிப்பணத்தில் நம் மக்களுக்குச் செய்யும்போது மட்டும் அது தாமதமாகத் தெரிகிறதா?

எனக்கு பயமாகவும் இருக்கிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 2022-இல் 5,904 ஆக்கியாயிற்று. மூன்றாவது மாஸ்டர் பிளான் தயாராகிக்கொண்டிருக்கிறது. போக்குவரத்தை ஒரே குடையின் கீழ் கொண்டுவரும் கும்டா என்ற ஆணையத்துக்கு 2010-இலேயே சட்டம் வந்தும் பல வருடம் அது காகிதத்தில்தான் கிடந்தது. இவ்வளவு பெரிய பரப்பில் ஒவ்வொருவரும் "எங்க டிபார்ட்மென்ட் இல்ல" என்று சொல்லத் தொடங்கினால், இன்னும் எத்தனை பெரும்பாக்கங்கள் வரும்?

என் நண்பருக்கு: உன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே பட்டறையில் நின்றவர்கள். நாமும் அரசு கொடுத்த மனையில் தலைநிமிர்ந்தவர்கள்தான். 'ஓசி' என்ற வார்த்தையை நீ எழுதியதுதான் எனக்கு வலித்தது. அதை நீக்கச் சொல்லவில்லை. அந்த அக்காவை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா, நானும் கூட வருகிறேன்.

இன்று காலை மனு கொடுத்தேன். சனிக்கிழமைக் கூட்டத்தின் குறிப்பில் அந்த அக்காவின் கேள்வி பதிவாகியிருக்கிறதா, நாலரை மணி பஸ்ஸுக்கு வழி செய்த பிறகுதான் வீடு மாற்றுவார்களா என்று கேட்டிருந்தேன். வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். பஸ் பற்றிய பகுதியை மட்டும் வேறு துறைக்குத் தனியாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். இதைப் பதிவிட்டுவிட்டு அதைத்தான் எழுதப் போகிறேன்.