பக்தி இருந்தால் சுருதி விலகலாமா?

மத நிறுவனங்கள் நடத்தும் உயர்நிலைப் பள்ளிகளில் கலைக் கல்வி என்று பேச்செடுத்தாலே அது தடைகளில் போய் நின்றுவிடுகிறது. இந்த நாடகம் போடக் கூடாது, அந்தப் பாட்டு வேண்டாம், இப்படி உடுத்தி ஆடக் கூடாது. தடைகளைப் பற்றி எனக்கும் கருத்து உண்டு, பிறகு வருகிறேன். ஆனால் இப்படிப்பட்ட பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, தடையைவிட அதிகமாக உறுத்துவது அங்கே கிடைக்கும் தாராளமான மன்னிப்பு. கடவுளுக்காகச் செய்தது என்று சொல்லிவிட்டால் போதும், எது எப்படி இருந்தாலும் அருமை என்றாகிவிடுகிறது.

நம்பிக்கை உள்ள ஆளாகத்தான் இதை எழுதுகிறேன். மதத்தைத் திட்டுவதற்குத் தோதாக ஏதாவது கிடைக்கும் என்று வந்தவர்கள் ஏமாந்துபோவீர்கள்.

காலை வழிபாட்டில் ஒரு பாடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வரியிலேயே சுருதி விலகிவிட்டது. பாதிப் பேர் ஒரு கட்டையிலும் மீதிப் பேர் இன்னொரு கட்டையிலுமாக எப்படியோ முடிக்கிறார்கள். தலைமை ஆசிரியர் மைக்கை வாங்கி, "மனசாரப் பாடினீங்க, அதுதான் முக்கியம்" என்கிறார். கைதட்டல். வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் காது உள்ளவர்களுக்கு என்ன நடந்தது என்று நன்றாகவே தெரியும். பக்தி என்று பெயர் வைத்துவிட்டால் உழைக்க வேண்டியதில்லை என்பதை அன்று காலை அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு மதப் பள்ளியா இதைக் கற்றுக்கொடுக்க வேண்டும்?

அதே பள்ளியில் கணக்கில் ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டால் மதிப்பெண் போய்விடும். "மனசாரக் கணக்குப் போட்டிருக்கே" என்று யாரும் தட்டிக்கொடுப்பதில்லை. கணக்கைப் பாடமாக மதிக்கிறார்கள், அதனால் திருத்துகிறார்கள். பாட்டையும் நடனத்தையும் ஓவியத்தையும் திருத்தாமல் விடுவதைப் பெருந்தன்மை என்று நினைக்கிறார்கள். எனக்கு அது அலட்சியமாகத்தான் தெரிகிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்த மன்னிக்கும் பழக்கம் மதங்களிலிருந்து வந்ததே கிடையாது. குர்ஆன் ஓதுவதற்கான தஜ்வீத் பயிற்சியைப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்தும் தொண்டையில், நாக்கில், உதட்டில் எந்த இடத்திலிருந்து பிறக்க வேண்டும், எங்கே மூக்கொலி வர வேண்டும், எந்த நெடிலை 2 அளவு நீட்டுவது, எதை 4, எதை 6 என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. ஆசிரியர் முன் உட்கார்ந்து ஓதும் சிறுவன் ஒரு நெடிலைக் குறுக்கினால் அங்கேயே நிறுத்தி, மறுபடி ஓதவைப்பார்கள். பொருளே மாறிப்போகலாம் என்பதால் நல்ல மனசு மட்டும் அங்கே செல்லுபடியாகாது. இதை இசை என்று சொன்னால் அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஓதுவது வேறு பாடுவது வேறு என்பார்கள். இருக்கட்டும். எகிப்தியப் பாடகி உம் குல்தூம் ஓர் இமாமின் மகள். சிறுவயதில் குர்ஆன் ஓதக் கற்று, ஆண்பிள்ளை உடையில் தந்தையின் குழுவோடு பக்திப் பாடல்கள் பாடி வளர்ந்தவர். பின்னாளில் அரபு உலகமே வானொலி முன் உட்கார்ந்து கேட்ட அந்தக் குரலின் உச்சரிப்புத் துல்லியத்துக்கு ஓதல் பயிற்சிதான் அடித்தளம் என்று இசை தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

கிறிஸ்தவப் பக்கம் வந்தால் இசையமைப்பாளர் ஜொஹான் செபாஸ்டியன் பாக். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இருந்த தாமஸ் பள்ளி, ஊரின் தேவாலயங்களுக்குப் பாடகர் குழுக்களை அனுப்பும் பள்ளி. 1723 முதல் 1750-இல் இறக்கும்வரை அதன் இசைப் பொறுப்பு அவருடையது. தம் இசைப்பிரதிகளின் முடிவில் 'கடவுளுக்கே மகிமை' என்பதன் லத்தீன் சுருக்கத்தை எழுதும் வழக்கம் உள்ளவர் அவர். அதே மனிதர் 1730 ஆகஸ்டில் நகர மன்றத்துக்கு ஒரு மனு எழுதினார். அதில் மாணவர்களை மூன்றாகப் பிரித்துக் கணக்குக் கொடுத்திருக்கிறார்: இப்போது பயன்படக்கூடியவர்கள் 17 பேர், இன்னும் தேறாதவர்கள் 20 பேர், ஒன்றுக்கும் ஆகாதவர்கள் 17 பேர். இசை வராத பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டு என்னிடம் நல்ல இசை கேட்டால் எப்படி, நல்ல வாத்தியக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்காமல் எப்படி என்று கேட்கிறார். 'ஒன்றுக்கும் ஆகாதவர்கள்' என்பதைப் படிக்கும்போது எனக்கே கொஞ்சம் வலிக்கிறது. நானாக இருந்தால் அப்படி எழுத மாட்டேன். ஆனாலும் கடவுள் பெயரைச் சொல்லிக் குறையை மூடி மறைக்காத அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. பாட்டு சரியில்லை, சரியாக இதெல்லாம் வேண்டும், கொடுங்கள். இந்த மாதிரி ஒரு கடிதத்தை எந்தக் கலை ஆசிரியராவது இன்று நிர்வாகத்துக்கு எழுதிவிட முடியுமா?

அந்தப் பள்ளிக்குச் சில ஆண்டுகள் கழித்து எர்னஸ்டி என்ற இளம் தலைமை ஆசிரியர் வந்தார். பெரிய படிப்பாளி. மாணவன் யாராவது வயலின் பழகுவதைப் பார்த்தால், நீயும் பீர்க்கடையில் பிடில் வாசிக்கப் போகிறாயா என்று கேட்பாராம். பழைய குறிப்பு ஒன்றில் இது இருக்கிறது. "டான்ஸ் ஆடி என்ன பண்ணப் போறே" என்பதற்கு எவ்வளவு வயதாகிறது பாருங்கள்.

வெனிஸில் பியெத்தா என்ற ஆதரவற்றோர் இல்லம் இருந்தது. 1703-இல் இசையமைப்பாளர் விவால்டி பாதிரியாராகப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு அங்கே வயலின் ஆசிரியராகவும் சேர்ந்தார். அங்கே வளர்ந்த பெண்பிள்ளைகள் கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்று பாடுவார்கள், வாசிப்பார்கள். கேட்பவர்களுக்கு முகம் சரியாகத் தெரியாது. ஆனாலும் ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் தேடி வந்து கேட்டார்கள் என்றால் காரணம் பரிதாபம் இல்லை, வாசிப்பின் தரம். 1709-இல் நிர்வாகிகள் வாக்கெடுத்து விவால்டியையே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். 1711-இல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். (கலை ஆசிரியர் வேலை அன்றைக்கும் தற்காலிகம்தான் போலிருக்கிறது.)

இசைக்காவது இப்படிக் காட்ட உதாரணங்கள் இருக்கின்றன. நாடகத்தின் கதிதான் மோசம். இது என் வயிற்றுப்பாடு என்பதால் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதப் பள்ளி நாடகங்களில் நல்லவன் பேசிக்கொண்டே இருப்பான், கெட்டவன் உறுமிக்கொண்டே இருப்பான். காட்டிக்கொடுப்பவனாக நடிக்கும் பையனிடம், "இவன் ஏன்டா காட்டிக்கொடுத்தான்?" என்று ரிகர்சலில் கேட்டால், "கெட்டவன் சார், அதான்" என்பான். அவன்மேல் தப்பில்லை, அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். பதினைந்து வயதுப் பையன் தன் நண்பனை எத்தனையோ முறை காட்டிக்கொடுத்திருப்பான், பயத்தில், பொறாமையில், ஆசிரியரிடம் நல்ல பெயர் வாங்க. அதையெல்லாம் எடுத்துவந்து அந்தப் பாத்திரத்தில் வைக்கச் சொன்னால் அவனுக்கு முகம் மாறும். அப்போதுதான் நடிப்பு தொடங்கும். அவன் வேதபாட வகுப்பில் கேட்ட பாவம், மனந்திரும்புதல் எல்லாம் முதன்முதலாக அவன் உடம்புக்குள் இறங்குவதும் அப்போதுதான் என்று நினைக்கிறேன். ஒரு பள்ளியில் நிர்வாகத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் ரிகர்சலைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார், ஆனா வில்லனுக்கும் கைதட்டு வந்துடும்போல இருக்கே" என்றார். அவருக்கு நிஜமாகவே கவலை. கடைசியில் அந்தக் காட்சி பாதியாகக் குறைந்தது.

அவரிடம் செனோடொக்சஸ் பற்றிச் சொல்லியிருக்கலாம். யாக்கோப் பிடர்மன் என்ற இயேசு சபைத் துறவி லத்தீனில் எழுதி, 1602-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அந்தச் சபையின் பள்ளியில் மேடையேறிய நாடகம். அதன் நாயகன் பாரிஸ் நகரத்து அறிஞர். பக்திமான், தர்மவான், ஊரே கையெடுத்துக் கும்பிடுகிற ஆள். உள்ளே முழுக்கத் தற்பெருமை. அவர் செத்ததும் இறுதிச் சடங்கில் பிணம் மூன்று முறை எழுந்து பேசுகிறது: என்மேல் குற்றம் சாட்டப்பட்டது, எனக்கு விசாரணை நடந்தது, நான் தண்டிக்கப்பட்டேன். மதப் பள்ளி மேடையில், மதத்துக்குள்ளேயே இருக்கும் போலிப் பக்திமானை நரகத்துக்கு அனுப்பும் கதை! அதைப் போட்டவர்கள் புரட்சிக்காரர்கள் இல்லை. 1599-இல் வந்த அந்தச் சபையின் கல்வி விதிகள், நாடகம் லத்தீனில்தான் இருக்க வேண்டும், அபூர்வமாகத்தான் போட வேண்டும், கதை புனிதமானதாக இருக்க வேண்டும், பெண் பாத்திரமோ பெண் உடையோ கூடாது என்கின்றன. அத்தனை கெடுபிடிக்குள்ளேயும் பார்ப்பவர்களை உலுக்குகிற ஒரு பாத்திரத்தை மேடையேற்ற முடிந்தது.

தடைகளைப் பற்றி என் கருத்தும் இதை ஒட்டித்தான். ஒரு மதப் பள்ளிக்கு எல்லைகள் இருக்கலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. உருவம் வரைவதைத் தவிர்த்த இஸ்லாமிய மரபு எழுத்தணிக்கும் வடிவியல் கோலங்களுக்கும் போய் எங்கேயோ உயரத்தைத் தொட்டது. ஆண்கள் முன் பெண்கள் பாடுவதை ஏற்காத யூதச் சமூகங்களில் பெண்கள் மட்டுமே பார்க்கும் முழுநீள மேடை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. எல்லை எங்கே என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகள் அதற்குள் ஆயிரம் வழி கண்டுபிடிப்பார்கள். என்னால் பொறுக்க முடியாதது, விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வரும் அந்த "நம்ம பள்ளிக்கு இது சரிவராது" என்ற தொலைபேசிதான். என்ன சரிவராது என்று சொல்ல மாட்டார்கள். யார் சொன்னது என்றும் தெரியாது. எழுதி வைக்காத விதிக்குப் பயந்து பயந்து, அடுத்த ஆண்டு ஆசிரியரே முன்கூட்டி எல்லாவற்றையும் வெட்டிவிடுகிறார்.

ஓவிய வகுப்புக்கு ஒரே ஒரு யோசனை. இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1602 வாக்கில் ரோமில் ஒரு தேவாலயத்துக்காகப் புனித மத்தேயு நற்செய்தி எழுதுவதை வரைந்தார். முதலில் வரைந்ததில் மத்தேயு எழுத்துக்கூட்டத் திணறும் நாட்டுப்புறத்து ஆள் மாதிரி, வெறுங்கால் பார்ப்பவர் பக்கம் நீட்டியிருக்க உட்கார்ந்திருக்கிறார். வானதூதர் அவர் கையைப் பிடித்து எழுதவைக்கிறார். ஒரு புனிதர் இப்படியா இருப்பார் என்று அதை மறுத்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது. இரண்டாவதாக வரைந்தது இன்றும் அங்கே இருக்கிறது. முதல் ஓவியம் 1945-இல் பெர்லினில் அழிந்துபோனது, கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் மிஞ்சியிருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது உங்களை ஜெபிக்கத் தூண்டுகிறது, எது வரைதலில் உயர்ந்தது, இரண்டு கேள்விக்கும் ஒரே பதிலா என்று பத்தாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். வண்ணம் தீட்டிய வரவேற்புப் பலகைகள் பத்து செய்வதைவிட அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளுக்கு அதிகம் கிடைக்கும்.

வரவேற்புப் பலகை என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் என்றால் மேடை அலங்காரம் செய்பவர். பாட்டு ஆசிரியர் என்றால் விருந்தினர் வரும்போது பிள்ளைகளை நிறுத்துபவர். தேர்வு நெருங்கினால் அவர்கள் பீரியட் கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடும், யாரும் அவர்களிடம் கேட்கக்கூட மாட்டார்கள். இதில் மதப் பள்ளி, மதம் சாராத பள்ளி என்று வித்தியாசமே இல்லை, எல்லா இடத்திலும் இதே கதைதான். ஆனால் பாட்டும் ஓவியமும் சிற்பமும் இல்லாமல் ஒரு நாள் வழிபாடுகூட நடத்த முடியாதவர்களுக்குக் கொஞ்சம் கூச்சமாவது இருக்க வேண்டாமா?

கடைசியாக, வாய்விட்டுச் சொல்லாமல் எல்லாரும் மனசில் வைத்திருக்கும் பயம். கலையை முழுசாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை கேள்வி கேட்கும், நம்பிக்கையை விட்டுப் போய்விடும். போகலாம், மறுக்க மாட்டேன். பாரிஸில் இயேசு சபையினர் நடத்திய லூயி-லெ-கிராண்ட் பள்ளியில் பரிசளிப்பு விழாவுக்கு நாடகத்தோடு பாலே நடனமே போட்டார்கள். அங்கே 1704 முதல் 1711 வரை படித்த பையன்தான் பின்னாளில் வால்டேர், திருச்சபையை எழுத்தால் விளாசியவர். அதற்கு முன்பே நாடகாசிரியர் மொலியேரும் அங்கே படித்துப் போனவர்தான். ஆனால் வால்டேர் போனது நாடகம் கற்றதாலா? அதே மேடையில் நின்ற எத்தனையோ பிள்ளைகள் துறவிகளாகவும் ஆசிரியர்களாகவும் அந்தச் சபைக்குள்ளேயே வாழ்ந்து முடிந்தார்கள். போகிற பிள்ளை கணக்கு வகுப்பிலிருந்தும் போகும். நாடகம் தெரிந்து போனால் நன்றாக வசனம் எழுதும், அவ்வளவுதான்.

பிள்ளையை இப்படியொரு பள்ளியில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் சேர்க்கையின்போது ஆண்டுவிழா வீடியோவைப் பார்த்து மயங்க வேண்டாம். எல்லாப் பள்ளியிலும் அது பளபளப்பாகத்தான் இருக்கும். ஒரு சாதாரண வாரநாளில் ரிகர்சலைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பார்க்க விட்டால், ஆசிரியர் எத்தனை முறை நிறுத்துகிறார், நிறுத்தி என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். "சத்தமாப் பாடு", "சிரிச்சுக்கிட்டே ஆடு" என்பது மட்டும்தான் காதில் விழுகிறது என்றால், வேறு பள்ளியையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.