பெயர் வேறானால் ஆளும் வேறா?

குடும்ப வரலாற்றைத் தேடத் தொடங்கியவர்கள் என்னிடம் கொண்டுவரும் சிக்கல் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரே மனிதரின் திருமணப் பதிவில் ஒரு குடும்பப் பெயர் இருக்கிறது, இறப்புப் பதிவில் அதன் எழுத்துகள் மாறியிருக்கின்றன. "இதில் எது சரி?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விதான் நம்மைத் தவறான பாதைக்கு இழுத்துச் செல்கிறது என்பது என் கருத்து. அந்தப் பெயரைச் சொன்னவர் யார், எழுதியவர் யார் என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

பழைய இங்கிலாந்துத் திருமணப் பதிவேட்டின் ஒரு பக்கத்தை உற்றுப் பாருங்கள். மணமகள் கையெழுத்திட வேண்டிய இடத்தில், மை திட்டுத்திட்டாகப் படிந்த ஒரு பெருக்கல் குறி மட்டும் இருக்கும். அதைச் சுற்றிலும் அவளுடைய பெயரை எழுதியிருப்பவர் பாதிரியாரோ எழுத்தரோதான். எழுதப் படிக்கத் தெரியாத அவளுக்குத் தன் பெயர் ஓர் ஒலி மட்டுமே. கேட்டவர் தம் காதில் விழுந்தபடி எழுதினார், அடுத்த பதிவை வேறொருவர் வேறு விதமாக எழுதினார். இதில் பிழை செய்தவர் என்று யாரைச் சுட்டுவது? எழுதத் தெரிந்தவர்களிடமும் ஒரே சீர்மை இருந்ததில்லை. ஷேக்ஸ்பியரின் கையெழுத்துகள் என ஏற்கப்பட்ட ஆறிலும்கூட எழுத்துக்கூட்டல் ஒன்றுபோல் இல்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அப்படித்தான். இங்கிலாந்தில் 1841 முதல் 1901 வரை நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கணக்கெடுப்பாளர் வீட்டுப் படிவத்தைப் பார்த்து எழுதிய நகல் ஏடுகள். 1911க்குத்தான் குடும்பத்தார் நிரப்பிய படிவங்களே காக்கப்பட்டுள்ளன. ஆகவே, இரண்டும் முரண்படும்போது ஒரே தட்டில் வைத்து எடைபோடக் கூடாது.

சில இடங்களில் பெயர் மாறுவதே ஒழுங்கு. டென்மார்க்கின் பழைய முறைப்படி, ஹான்ஸ் பெட்டர்சென் என்பவரின் மகன் ஜென்ஸ், ஜென்ஸ் ஹான்சென் ஆவான். தந்தையின் முதற்பெயரே மகனுக்கு அடையாளம். நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று 1828இல் ஆணை வந்த பிறகும் நாட்டுப்புறங்களில் பழைய வழக்கம் உடனே மறையவில்லை. ஐஸ்லாந்தில் அது இன்றும் நடைமுறை. நார்வேயில் ஒருவர் குடியேறிய பண்ணையின் பெயரையே தாங்கியதால், பண்ணை மாறியபோது பெயரும் மாறியது. ஒரே பெயர் தாங்கிய இருவர் உறவினராக இல்லாமல் போவதும் இதனால்தான். இதை மறந்து, பெயர் ஒத்துப்போன ஒரே காரணத்துக்காக அயலாரைத் தம் குடும்ப மரத்தில் ஒட்டிக்கொள்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அமெரிக்காவுக்குக் குடியேற வந்தவர்களைச் சோதித்து அனுமதித்த நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பல அமெரிக்கக் குடும்பங்களில் சொல்லப்படுகிறது. அங்கிருந்த அதிகாரிகள், கப்பல் நிறுவனம் ஏற்கெனவே தயாரித்திருந்த பயணிகள் பட்டியலை வைத்துத்தான் ஆட்களைச் சரிபார்த்தார்கள். பெயர் மாற்றத்தைப் பெரும்பாலும் குடியேறியவர்களே பின்னாளில், வேலைக்காகவோ குடியுரிமைக்காகவோ செய்துகொண்டார்கள். பாட்டி சொன்ன கதையை மதிக்கலாம், ஆனால் அதை ஆவணத்தின் இடத்தில் வைக்க முடியாது.

இணையத் தேடலில் இன்னொரு கை குறுக்கிடுகிறது. மூலத்தை வாசித்து அட்டவணை தயாரித்தவர் பழைய கையெழுத்தில் யு (u) எழுத்தை என் (n) என்று படித்திருக்கலாம். ஒலியை வைத்துத் தேட உதவும் சவுண்டெக்ஸ் முறைக்கு 1918இல் காப்புரிமை கிடைத்தது. அது பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்வதால், சி (C) எழுத்தில் தொடங்கும் பெயரைத் தேடினால் கே (K) எழுத்தில் பதிவானது அகப்படாது. இரண்டையும் தனித்தனியே தேட வேண்டும்.

ஆவணத்தில் உள்ள எழுத்தைத் திருத்தி, இன்றைய வடிவத்தில் குறித்துவைக்கும் பழக்கத்தை மட்டும் நான் ஏற்கவே மாட்டேன். உள்ளது உள்ளபடி, ஆண்டையும் ஆவணத்தின் வகையையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு வயது, தொழில், முகவரி, சாட்சிகளின் பெயர் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். திருமணத்துக்குச் சாட்சியாக நின்ற அதே மைத்துனர் இறப்பைப் பதிவுசெய்தவராகவும் இருந்தால், குடும்பப் பெயரில் இரண்டு எழுத்து மாறியிருப்பது எனக்குத் தடையாகத் தோன்றாது.